வலிப்புக்கு மதிப்பெண் போட்ட சித்தர்

செங்கம் சாலையில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, அருணகிரிச் சித்தர் வலிப்புக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். குணமாக்குவதெல்லாம் டாக்டர்களின் சில்லறை வேலை. நோயாளி தன் வலிப்பை எவ்வளவு அடக்கி ஆளுகிறார் என்று அளப்பதுதான் இவர் சித்து. பலகைமேல் வைத்த உள்ளங்கைக்கு மேல் நூலில் ஸ்படிகத்தைத் தொங்கவிடுவார். அது ஆடும். ஆட்டம் நூல் வழியாக விரலில் பேசுகிறது என்று, நூற்றுக்கு இத்தனை என்பார். எண்பதைத் தாண்டியவருக்கு மாத்திரை வேண்டாம். தாண்டாதவர் பௌர்ணமிதோறும் காணிக்கையோடு வர வேண்டும். மாடிப்படியில் இடம் போதாமல் வரிசை சாலையில் நின்றது. பள்ளிக்கூடத்தில் வாங்காத மார்க்கை இங்காவது வாங்கலாமே.

வரிசையில் உஸ்மாவும் நின்றாள். தையல் கடை வைத்திருப்பவள். பதினொரு வருட வலிப்புக்காரி. வேளை தவறாத மாத்திரை, நேரத்துக்குத் தூக்கம்; கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருடமாகிறது. அவள் கடையில் தைக்கும் தருமனுக்கும் அதே நோய். போன மாதம் இங்கே தொண்ணூற்றிரண்டு வாங்கி, மாத்திரையைக் குப்பையில் போட்டான். நான்காம் நாள் ஓடுகிற மெஷின்மேல் விழுந்தான். ஊசி உள்ளங்கையில் இறங்கியது. அப்போதும், "என் பக்திதான் கம்மிக்கா" என்று அழுதான். அந்த அழுகையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஸ்படிகம் அவள் கைமேல் ஆடியது.

"நாப்பத்தொண்ணு. மாத்திரைய நம்புற, என்னை நம்பல" என்றார் சித்தர்.

"சாமி, அளக்குறது கல்லா, நீங்களா?"

"கல்லுதாம்மா. நான் சும்மா புடிச்சிட்டிருக்கேன்."

"அப்ப நீங்க கண்ணை மூடிக்கிட்டாலும் சரியாத்தானே அளக்கும்?"

கூட்டம் தலையாட்டியது. பக்தர்கள் எதிரில் சித்தர் எப்படி மாட்டேன் என்பார்? தருமனின் துண்டால் அவர் கண்ணைக் கட்டினார்கள். யாரும் வாய் திறக்கக்கூடாது என்று சைகை காட்டிவிட்டு, உஸ்மா தன் கையையே பலகைமேல் வைத்தாள்.

"எழுபத்தஞ்சு."

கையை எடுத்தாள். மறுபடி அதையே வைத்தாள். "அடுத்த ஆள் சாமி."

"முப்பது. ரொம்ப மோசம்."

மூன்றாவது முறை, கைப்பையிலிருந்த டீக்கடை பன்னை எடுத்து வைத்தாள். ஸ்படிகம் ஆனந்தமாகச் சுழன்றது.

"தொண்ணூத்தஞ்சு! இவரு இன்னைக்கே மாத்திரைய விட்டுடலாம்."

துண்டை அவிழ்த்தார்கள். சித்தர் பன்னைப் பார்த்தார். பன் அமைதியாக இருந்தது. அதற்கு வலிப்பு நன்றாகவே அடங்கியிருந்தது.

சிரிப்பு படிக்கட்டு வழியாக இறங்கிச் சாலைக்குப் போனது. காணிக்கையைத் திருப்பிக் கேட்ட கூச்சலில் சித்தர் தியானத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார்; யாரும் வழி விடவில்லை. "பன்னுலயும் ஏதோ சக்தி இருக்கும்" என்று ஒருவர் முணுமுணுத்தார். அவருக்கு வலிப்பு கிடையாது, துணைக்கு வந்தவர்.

தருமன் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெல்லக் கேட்டான். "நரம்பு டாக்டர் என்னைக்குக்கா வருவாரு?"

வலிப்பு உள்ள தலைகள் யோசித்துவிட்டன. வலிப்பு இல்லாத தலைகளுக்கு என்ன கேடு?