நல்ல குப்பை

தேவாலாவில் இருக்கும் மாமா செல்லதுரை அவர்களுக்கு, ஊட்டியிலிருந்து உங்கள் அக்கா மகள் ஸ்டெபி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். போனில் சொன்னால் பாதியிலேயே திட்டத் தொடங்குவீர்கள், அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்கு வேலை போய்விட்டது. நீங்கள் ஒப்பந்தக்காரரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த அதே வேலைதான், நான் படிக்கும் கல்லூரியில் குப்பை அள்ளுவது. போன வாரம் பசுமை வளாக மதிப்பெண் போட ஒரு குழு வந்தது. முந்தின நாளே வளாகத்துக் குப்பை முழுவதையும் டிராக்டரில் ஏற்றி, வழக்கம்போல விடுதிக்குப் பின்னால் பள்ளத்தில் தள்ளிவிட்டார்கள். மாணவர்கள் பச்சை, நீலம், சிவப்பு என்று பார்த்துப் பார்த்துப் பிரித்துப் போடுவதெல்லாம் தினமும் அங்கேதான் ஒன்றாகிறது. மறுநாள் காலையில் கல்லூரி முதல்வர் வந்து பார்த்தால் தொட்டிகள் பளபளவென்று காலி. அம்மாவைக் கூப்பிட்டார்.

"காலித் தொட்டிய வெச்சு என்னத்தக் காட்டறது? தபித்தா, கீழ போயி கொஞ்சம் நல்ல குப்பையாப் பாத்துக் கொண்டா."

"ஏனுங்க சார், நேத்து நீங்கதானுங்களே கொட்டச் சொன்னீங்க?"

"நேத்து நேத்து. இன்னைக்கு இன்னைக்கு."

உறைபனியில் அம்மாவும் கூட வேலை செய்யும் இசக்கியம்மா அத்தையும் பள்ளத்தில் இறங்கி, பிஸ்கட் உறைகளைப் பொறுக்கி, ஐஸ் தண்ணீரில் கழுவித் துடைத்து நீலத் தொட்டியில் அடுக்கினார்கள். அழுகினது நாறும் என்று பச்சைத் தொட்டிக்கு மெஸ்ஸிலிருந்து புது முட்டைக்கோஸை நறுக்கிப் போட்டார்கள், அன்று எங்களுக்கு வெறும் ரசம்தான். பள்ளத்தில் கிடந்த ஆய்வகத்து உடைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று அம்மாவின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் தெரியாமலிருக்கப் புதுக் கையுறை கொடுத்தார்கள், போட்டோ எடுத்து முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். குழுத் தலைவர் தொட்டிக்குள் மூக்கை நீட்டி, "வாசமே வரலியே!" என்று வியந்தார். பிறகு, 'கழிவே இல்லாத வளாகம்' என்று ஓர் அறிக்கையை வாசித்தார்கள். கைதட்டல், விருது, சால்வை.

திங்கட்கிழமை ஒப்பந்தக்காரர் விஜயபாஸ்கர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"குப்பையே இல்லீன்னு காலேஜ்ல எழுதிக் குடுத்துட்டாங்கக்கா. இல்லாத குப்பைய அள்ள ஆள் எதுக்குங்க?"

"பள்ளத்துல வந்து பாருங்க சார், காட்டெருமை மேயுது."

"அது பாரஸ்ட் எடமுங்க. நம்ம குப்பை இல்லீங்க."

இப்போது அம்மா, தையல் போட்ட கையோடு வீட்டில் சும்மா உட்கார முடியாமல், கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டுகிறாள். மாமா, ஒன்று மட்டும் கேட்கிறேன். விஜயபாஸ்கரிடம் போய்க் கைகட்டி நிற்காதீர்கள். நமக்கும் மானம் இருக்கிறது. அங்கே வீட்டில் அத்தைக்கும் தம்பி சுபினுக்கும் என் அன்பு. உங்கள் ஊர் மழையிலிருந்து கர்த்தர் உங்கள் கூரையைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்டெபி

பின்குறிப்பு: அந்த அறிக்கையை எழுதியது நான்தான். சுற்றுச்சூழல் மன்றச் செயலாளர் என்பதால் என்னிடம் கேட்டார்கள், ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். பள்ளத்தைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. அதற்குத் தந்த சான்றிதழை அம்மா, என்னவென்று தெரியாமலே, ஆணியடித்து மாட்டியிருக்கிறாள். மானத்தைப் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள், மாமா. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி வந்து விஜயபாஸ்கரிடம் கேளுங்கள். என்னால் அவர் முன்னால் போய் நிற்க முடியாது.