அமெரிக்க அப்புக்காத்தரின் மெல்பேர்ண் வாரிசு

ஒன்றுமே படிக்காதவர்களால் யாருக்கும் தொல்லை இல்லை. நிறையப் படித்தவர்களையும் எப்படியோ சமாளித்துவிடலாம். ஒரே ஒரு புத்தகத்தைப் படித்தவர் என்று ஒரு ரகம் இருக்கிறதே, அவரிடம் அகப்பட்டுப் பாருங்கள், அப்போது தெரியும்!

எழுபதுகளில் மெல்பேர்ண் தமிழர் எல்லோரையும் ஒரு தேவாலய மண்டபத்துக்குள் அடக்கிவிடலாம். அந்த மண்டபத்தின் முன்வரிசையில், குளிர்கோட்டைக் கழற்றாமல் வீற்றிருப்பார் வரதராஜா. ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர். மழைக்கு ஒதுங்கிய பழைய புத்தகக் கடையில் அவர் கையில் அகப்பட்டது, அந்தக் காலத்து அமெரிக்க வழக்கறிஞர் ஒருவரின் சரித்திரம். வழக்கறிஞர் என்பது இவர் வாயில் 'அப்புக்காத்தர்'. அன்று பிடித்தது சனி. மெழுகுதிரி வெளிச்சத்தில் சட்டம் படித்தவர், குதிரையில் ஊர் ஊராகப் போய் வழக்காடியவர், பிறகு சட்டசபையில் பேசிப் பேசியே சட்டங்களை நிறைவேற்றியவர் என்று, புட்டுக்கு மாக் குழைக்கும் மனைவி கமலினியிடம் சொல்வார், டிராமில் பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவியிடம் சொல்வார், தொண்டையைப் பார்க்கும் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொல்வார். சமையலறைக் குழாய் ஒழுகினால்?

"முதல்ல விசாரணை, பிறகுதான் தீர்ப்பு. எங்கட அப்புக்காத்தர் அப்பிடித்தான்."

குழாய் அது பாட்டுக்கு ஒழுகும்.

அவருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை, தமிழ்ச் சங்கத் தலைவர் பதவி. அப்புக்காத்தர் சட்டசபைக்குப் போனார், இவர் சங்கத்துக்காவது போகவேண்டாமா? அதற்கென்றே வாங்கிய சிவப்புக் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டுதான் அந்த வருஷத் தேர்தலுக்கு வந்திருந்தார். எதிர்த்துப் போட்டியிட்டவர் நாகலட்சுமி என்ற மதுரைக்கார நேர்ஸ்.

"நாகலட்சுமி அக்காவுக்கு ஆஸ்பத்திரியில அவசரமாம், வரேல்ல," என்றார் செயலாளர் சிறிதரன். "அப்ப வரதண்ணைக்கே கையைத் தூக்குவமோ?"

தேநீர் ஆறிக்கொண்டிருந்ததால் சபை ஏகமனதாகத் தயார். வாயை மூடிக்கொண்டு இருந்தாலே தலைவர். இருப்பாரா?

"பொறுங்கோ! எதிர்த்தரப்புக்கு ஆளில்லாமல் தீர்ப்போ? எங்கட அப்புக்காத்தர் ஒருக்கா எதிராளிக்காகவும் தானே வாதாடினவர், தெரியுமோ?"

"ஐயோ, பேசாமல் இருங்கோவன்," என்று கமலினி கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

வரதராஜா எழுந்துவிட்டார். புதிதாக வந்து இறங்குபவர்களை விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டி வந்தது யார்? இங்கிலிஷ் தெரியாத பிள்ளைத்தாய்ச்சிகளின் கையைப் பிடித்துக்கொண்டு பிரசவ வார்டில் நின்றது யார்? நாகலட்சுமி! அந்த நேரத்தில் வரதராஜா எங்கே? வீட்டில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்! மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். வரதராஜாவும் துடைத்தார். தன் தரப்புக்கு வந்தபோது, பாவம், சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

நாகலட்சுமிக்குக் கைகள் உயர்ந்தன. திரும்பிப் பார்த்தால், கமலினியின் கையும்!

"நீருமோ?"

"நீங்கள்தானே அவவைப் பற்றி அவ்வளவு வடிவாச் சொன்னனீங்கள். எனக்கு அழுகையே வந்திட்டுது."

வீடு திரும்பும் வழியில் வரதராஜா கழுத்துப்பட்டியை அவிழ்த்துக் காரின் பின்னிருக்கையில் எறிந்தார். சிவப்பு விளக்கில் கார் நின்றதும் பெருமூச்சு விட்டார்.

"எங்கட அப்புக்காத்தரும் ஒருக்காத் தோத்தவர்."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் நாளைக்கு உங்கள் வீட்டில் ஏதாவது பேச்சு வந்து, "மெல்பேர்ணில் வரதராஜா என்று ஒருவர், அவர் என்ன செய்தார் தெரியுமா?" என்று ஆரம்பிக்க நாக்குத் துறுதுறுத்தால், முதலில் எழுந்து போய்ச் சமையலறைக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.