மேஜை விரிப்பில் ஒரு சுருக்கம்

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் உங்கள் தங்கை எழுதுவது. நீங்களும் பிள்ளைகளும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத வேண்டும், அதுதான் முறை, எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன். அண்ணி பக்கத்தில் இருந்தால் சத்தம் போட்டுப் படிக்காதீர்கள்.

அவர் போன பிறகு நான் இஸ்திரிப் பெட்டியே கதி என்று கிடப்பது உங்களுக்குத் தெரியும். துணியில் சுருக்கம் விழுந்தால் எடுத்துவிடலாம், அந்த ஒரு ஆறுதல். இதற்கிடையில் பாப்பா பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி, அம்மாக்கள் ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பெரிய டீச்சர் சொல்லியனுப்பினார். படித்த அம்மாக்களுக்கு வரவேற்பும் அட்டை எழுதுவதும் போயின. எனக்கு மேஜை விரிப்பு. இதில் என்னை யார் மிஞ்சுவது? எல்லாவற்றையும் வெளுத்து, கஞ்சி போட்டு, அப்பளம் மாதிரி விறைப்பாக விரித்துவிட்டேன். விறைப்பு கொஞ்சம் அதிகம்தான். பாப்பாவுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு பிள்ளை செய்த எரிமலை வழுக்கி வழுக்கிக் கீழே விழுந்தது. "ஆன்ட்டி, இது எரிமலையா, சறுக்குமரமா?" என்று அந்தப் பிள்ளை அழுதது. பாப்பா என்னைத் தனியாக இழுத்துப்போய், "அம்மா, நீ எதையும் தொடாதே. அழாதே. சும்மா நில்லு, போதும்" என்றாள். "நான் ஏன்டி அழப்போறேன்?" என்றேன். "நீ கல்யாண வீட்லயே அழுதவ" என்றாள்.

அவள் செய்தது தண்ணீர் பம்பு என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள். பிளாஸ்டிக் பாட்டில், மெல்லிசுக் குழாய்கள், பொம்மைக் காரிலிருந்து பிடுங்கிய மோட்டார், பீட்ரூட் சாறு. தண்ணீர் பம்புக்கு எதுக்குடி பீட்ரூட் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சிறப்பு விருந்தினர் பேங்க் மானேஜர். அவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டைக்குக் காலையில் இஸ்திரி போட்டதே நான்தான். அவர் பாப்பா மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து விரிப்பின் ஓரத்தில் ஒரு சுருக்கம் என் கண்ணில் பட்டது. கை சும்மா இருக்குமா? மெதுவாக இழுத்துவிட்டேன். பாப்பா சொல்லிக்கொண்டிருந்தாள்: "சார், இதுதான் இதயம். எங்கப்பாவோடது நின்னுபோச்சு. எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கத்தான் செஞ்சேன்." அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் மோட்டார் நின்றுவிட்டது. குழாயில் சிவப்பு அப்படியே நின்றது.

அண்ணா, எனக்கு அது பாட்டிலாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சை நர்ஸ் எப்படி அமுக்கினாரோ அப்படியே இரண்டு கையையும் கோத்து, "எழுந்திருங்க, எழுந்திருங்க" என்று கத்திக்கொண்டு அமுக்கினேன். மூடி பறந்தது. பாதிச் சாறு மானேஜர் நெஞ்சில். கத்திக்குத்து என்று நினைத்து வாட்ச்மேன் ஓடி வந்தார். அதோடாவது விட்டேனா? பீட்ரூட் காய்ந்தால் லேசில் போகாது. "கழட்டுங்க சார், உடனே தண்ணியில போடணும்" என்று பொத்தானையும் அவிழ்க்க ஆரம்பித்துவிட்டேன், அத்தனை பேர் நடுவில்! "அம்மா, வீட்லேருந்து குடுத்தனுப்புறேம்மா, விடுங்கம்மா" என்று அவர் நெஞ்சைப் பொத்திக்கொண்டே பின்னால் நகர்ந்து, எரிமலை மேல் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். வந்த பிறகுதான் புரிந்தது: நான் விரிப்பை இழுத்ததில்தான் ஒயர் கழன்றிருக்கிறது. அப்பாவைப் பற்றி அவள் வாய் திறந்ததே அன்றைக்குத்தான். அதையும் நான் நிறுத்திவிட்டேன்.

சாயங்காலம் பாப்பா வந்து "அம்மா" என்றாள். "ஒண்ணும் சொல்லாதே தாயி, எனக்கே தெரியும்" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். எந்த முகத்தோடு பேசுவது? அவள் இனி அந்தப் பள்ளிக்கூட வாசலை எப்படி மிதிப்பாள்? நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து அவளைக் கூட்டிப்போய் உங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். நான் தனியாக இருந்துகொள்வேன். பழகிவிட்டது என்று பொய் சொல்லவும் பழகிவிட்டது.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், என் ஆசீர்வாதம் பலிக்கிற லட்சணம் தெரிந்தும் அனுப்புகிறேன்.

தலை நிமிர முடியாத
உங்கள் தங்கை

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது பாப்பா பிடுங்கிப் படித்துவிட்டாள். "ஏம்மா, நீ திரும்பிப் பார்க்கவே இல்லையா? நீ அமுக்கினதுல ஒயர் ஒட்டிக்கிச்சு. மறுபடி ஓடுச்சும்மா! அதுக்குத்தான் எல்லாரும் கத்தினாங்க" என்றாள். நான் நம்பவில்லை. இஸ்திரி மேஜைமேலேயே வைத்து ஓட்டிக் காட்டினாள். ஓடுகிறது, அண்ணா. நீங்கள் வர வேண்டாம். மானேஜர் சொன்னபடி சட்டையைக் கொடுத்தனுப்பிவிட்டார். துவைத்துப் போட்டேன், நெஞ்சில் மட்டும் லேசாக ஒரு சிவப்பு இருக்கத்தான் செய்கிறது. நானும் ரொம்பக் கசக்கவில்லை.