ஹலோ அண்ணாச்சியின் கோலப் போட்டி

தாராவியிலேயே சொன்ன சொல் மாறாத ஒரே மனிதர் ஹலோ அண்ணாச்சிதான். மற்றவர்களுக்கு அது கொள்கை, அவருக்கு வியாதி. எங்கள் சந்தில் மைக்செட் வைத்திருந்த அவர் "ஹலோ... ஹலோ..." என்று ஆரம்பித்து எதைச் சொன்னாலும் அதுதான் சட்டம். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தவரைக் காலமானார் என்று அறிவித்துவிட்டார். அந்த மனிதரே எழுந்துவந்து சண்டை போட்டார்.

"மைக்குல சொன்னா சொன்னதுதாம்வே. நீரு வேணும்னா நாலு நாளு வெளிய வராம இரும்" என்றார் அண்ணாச்சி.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு பொங்கல். எங்களைக் கயிறு இழுக்கக் கூப்பிட வேண்டியவர், "ஆம்பளப் பயலுவ அம்புட்டுப் பேரும் கோலப் போட்டிக்கு வரணும்" என்று அலறிவிட்டார். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் கோலமாவு ஒட்டிய விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஊர் எழுவதற்கு முன்னால் எங்கள் வாசலில் கோலம் போடுவது நான்தான். தெரிந்தால் கிரிக்கெட்டில் சேர்க்கவே மாட்டார்கள்.

வேறு வழியில்லாமல் பெண்களோடு நாங்களும் போட்டோம். பெயர் கிடையாது, நம்பர் மட்டும். மார்க் போட நாலு பையன், நாலு பெண். நாங்கள் போட்டு முடிக்கும்வரை அவர்களை டியூஷன் அறைக்குள் அடைத்து வைத்திருந்தார் அண்ணாச்சி.

"கோணலா இருக்கா? நம்ம பய போட்டதுதாம்ல" என்று பையன்கள் கோணலுக்கெல்லாம் மார்க்கை அள்ளி வழங்கினார்கள். "அழகா இருக்குல்லா? அப்ப நம்ம பிள்ளதாம்டி" என்று பெண்களும் சளைக்கவில்லை.

அண்ணாச்சி மைக்கைத் தட்டினார். ஓடிவிடலாமென்றால் சந்து முழுக்கக் கூட்டம்.

"ஹலோ... ஹலோ... மொதப் பரிசு, இசக்கிமுத்து!"

நான்தான். அத்தனையும் பெண்கள் போட்ட மார்க். இரண்டாம் பரிசு கனகாவுக்கு. நேர்க்கோடே வராத அவளுக்குப் பையன்கள் முழு மார்க் கொடுத்திருந்தார்கள்.

"சீட்டிங்! கேன்சல் கரோ, அண்ணாச்சி!" என்று கத்தினார்கள் பெண்கள்.

"மைக்குல சொல்லியாச்சுல்லா!"

பையன்கள் பக்கமிருந்து கேலி வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"எலே, நம்ம பயதாம்ல ஜெயிச்சிருக்கான்!" என்று கூவினான் எங்கள் கேப்டன்.

கோலமாவது கத்தரிக்காயாவது, கோப்பை பையன்களுக்கு வந்தால் போதாதா? என்னை அலாக்காகத் தூக்கிவிட்டார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது ஸ்பீக்கரில் அண்ணாச்சியின் குரல்: "ஹலோ... ஹலோ... பையப் பையத் தூக்குங்கல. பிள்ளைக்கு வெரலு பத்திரம்."

இப்போது தாராவியை விட்டு வந்து, விக்ரோலியில் என் வீட்டு வாசலில் பட்டப்பகலிலேயே கோலம் போடுகிறேன். அண்ணாச்சி ஒரு தடவை வந்து பார்த்தால் தேவலை.