எத்தனை பேரைத் தாங்கும்?

குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு வந்தவரால் அலமாரியைத் திறக்க முடியவில்லை. முந்தின நாள் மாலை வந்திறங்கிய புது மெத்தை, கட்டிலைத் தாண்டி நீண்டு அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நின்றது.

"என் சட்டையெல்லாம் உள்ள இருக்கு!" என்று கத்தினார்.

"மெத்தையை நகர்த்திட்டு எடுங்க," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"நகர்த்தறதா? இதுக்கு கிரேன் வரணும்!"

அவர் லிஃப்ட் பரிசோதகர். லிஃப்டுக்குள் 'இத்தனை பேர் மட்டும்' என்று ஒரு தகடு இருக்குமே, அந்தக் கணக்கைத் தீர்மானிக்கிற மனிதர். அலுவலகத்தில் அவரை 'லோடு சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். புது நாற்காலியைக் காட்டினாலும், பக்கத்து வீட்டுத் தொட்டிலைக் காட்டினாலும் முதல் கேள்வி, "எத்தனை பேரைத் தாங்கும்?" என்பதுதான்.

லிஃப்ட் குழிகளில் குனிந்து குனிந்து அவர் முதுகு கெட்டுப்போயிருந்தது. காலையில் படுக்கையை விட்டு எழும்போது மடக்கு நாற்காலியைப் பிரிக்கிற மாதிரி கட்டம் கட்டமாகத்தான் நிமிர்வார். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் மனைவி, அவரைக் கேட்காமலே, தன் சம்பளத்தில் மெத்தை வாங்கியிருந்தாள். 'ஹைப்ரிட்' மெத்தை.

"ஹைப்ரிட்டா? தக்காளி விதையிலதான் அப்படிக் கேள்விப்பட்டிருக்கேன்," என்றிருந்தார் அவர்.

"கீழ ஸ்பிரிங்கு, மேல ஃபோமு. ரெண்டும் சேர்ந்தது. உங்க முதுகுக்கு நல்லதாம்."

"உனக்கு ஒரு துடைப்பம் வாங்கத் தெரியுமா? நீ மெத்தை வாங்கறியா?"

இந்தத் துடைப்ப வசனம் புதிதல்ல. உறவுக்காரர்கள் கூடிய இடத்திலெல்லாம் அவர் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அவள் சிரித்ததில்லை. மெத்தை வந்த அன்றிரவு அவர் வீம்புக்குக் கூடத்து சோபாவில் படுத்தார். விடிந்ததும் முதுகு, 'என்னைக் கேட்டியா?' என்றது.

இப்போது சட்டையும் கிடைக்காத ஆத்திரத்தில் கடைக்குப் போன் போட்டார்.

"மெத்தை வேண்டாம். வந்து எடுத்துக்கிட்டுப் போங்க."

"சரிங்க சார். சாயங்காலம் வண்டி வரும்," என்றது கடை.

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "பார்த்தியா! சரக்கு சரியில்லைன்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு," என்று மனைவியிடம் ஜம்பமாகச் சொன்னார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்காத மாதிரி, அலமாரிக்கு மேலே மடித்து வைத்திருந்த வேலைச் சீருடையை எடுக்க அவர் மெத்தை மேல் ஒரு முழங்காலை ஊன்றினார்.

அப்படியே நின்றுவிட்டார்.

முழங்கால் உள்ளே போனது. போய், ஓர் இடத்தில் நின்றது. நின்ற இடத்தில் அடியிலிருந்து ஏதோ ஒன்று மெதுவாக எழும்பி வந்து அதை ஏந்திக்கொண்டது. தூங்குகிற குழந்தையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவார்களே, அந்தப் பக்குவம். உலகத்தில் உள்ள எத்தனையோ ஸ்பிரிங்குகளை அவர் மிதித்திருக்கிறார். எதுவும் இப்படி மரியாதையாக நடந்துகொண்டதில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள் மனைவி, அறை வாசலில் நின்றபடியே.

அவர் அவசரமாக முழங்காலை எடுத்துக்கொண்டார். "சுகமா இருந்தா ஆச்சா? தாங்கணும். தாங்கினாலும், வாங்கினதுக்குத் தகுமான்னு பார்க்கணும். மூணுலயும் தேறினா..."

"தேறினா?"

"தேறினா என்ன சொல்றியோ அதைச் செய்றேன்."

"எங்க வீட்டு ஆளுங்க முன்னாடி, 'என் பொண்டாட்டிக்கு வாங்கத் தெரியும்'னு வாய் திறந்து சொல்லணும்."

"சொல்றேன். சாயங்காலம் வண்டி வர்றதுக்குள்ள இது தேறாது."

சீருடையை மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் முழுச் சீருடையில் நின்றதால், மெத்தை விவகாரத்துக்கு அரசாங்கக் களை வந்துவிட்டது.

முதல் பரிசோதனை, சுகம். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஆள் மாமியார். ஊரிலிருந்து வந்திருந்த மாமியாருக்கு இதுவரை எந்த வீட்டுப் படுக்கையும் ஒத்துக்கொண்டதில்லை. மகள் வீட்டுக்கு வந்தால் போகிறவரை உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். அவர் 'நல்லா இருக்கு' என்று சொன்ன பொருள் எதுவும் பூமியில் இல்லை. மாப்பிள்ளையையும் சேர்த்துத்தான்.

"அத்தை, இதுல கொஞ்சம் படுத்துப் பாருங்க."

"எதுக்கு மாப்ளே? என் இடுப்பு மிச்சம் இருக்கிறது பிடிக்கலையா?"

மெத்தை அவ்வளவு உயரம். முக்காலி போட்டு ஏற்றிவிட வேண்டியிருந்தது. மாமியார் ஏறும்போதே ஆரம்பித்தார். "இதென்ன கவர், பஸ் சீட்டு மாதிரி வழவழன்னு இருக்கு? பக்கத்துல என்ன பெரிய பெரிய வாரு, ஆளுங்களைக் கட்டிப்போடவா? எனக்குத் தெரியாதா, படுத்தா இந்தப் பக்கம் குழி விழும், அந்தப் பக்கம் மேடு வரும், அப்புறம் என் இடுப்பு..."

இடுப்புக்கு மேல் வாக்கியம் வளரவில்லை.

"அத்தை?"

பதிலுக்கு ஒரு மெல்லிய குறட்டை வந்தது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கம்மா படுத்துத் தூங்கி நான் பார்த்ததே இல்லைங்க," என்றாள் ரகசியக் குரலில். மாமியாரின் நெற்றியிலிருந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்துகொண்டிருந்தன. கோபமில்லாத அந்த முகத்துக்கும் மனைவியின் முகத்துக்கும் ஒரே ஜாடை என்பது கல்யாணமாகி இத்தனை காலத்துக்கு அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது.

"இது தற்செயல்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஆள் ஒல்லி. லோடு போதாது."

லோடுக்கு ஆள் இருந்தார். அவருடைய சகலை, மனைவியின் அக்கா கணவர். அடுத்த தெருவில் கேக் கடை வைத்திருந்தார். தன் சரக்கைத் தானே ருசி பார்த்துப் பார்த்து வளர்ந்த உடம்பு. அவர் வருகிறார் என்றால் சொந்தக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளை உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள்.

"சகலை, ஒரு அவசரம். உடனே வாங்க."

போனில் அப்படிச் சொன்னதால் சகலை, கையில் கிரீம் பிழியும் பையோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். "யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. இதுல உக்காரணும்."

"வேண்டாம் சகலை. எனக்கும் கட்டிலுக்கும் ராசியில்லன்னு உங்களுக்கே தெரியும்."

"உடைஞ்சா என் பொறுப்பு."

மாமியார் தூங்குகிற பக்கத்தில், மெத்தையின் மேலேயே, ஒரு தட்டு வைத்து அதன் நடுவில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரை வைத்தார் லோடு சார். லிஃப்டுக்குச் செய்கிற அதே சோதனை. இந்தக் கோடியில் சகலை உட்கார வேண்டும். தண்ணீர் சிந்தினால் மெத்தை தோற்றது.

சகலை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

டம்ளர் அசையவில்லை. தண்ணீரின் மேல் ஒரு வளையம்கூட ஓடவில்லை. அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இன்னும் நல்லா உக்காருங்க."

"உக்காந்துட்டேன்."

"முழுசாவா?"

சகலை கண்ணைத் திறந்தார். "சகலை, ஒண்ணு சொல்லட்டுமா? நான் பிறந்ததுலேர்ந்து எங்கயும் முழுசா உக்காந்ததில்ல. எந்த வீட்டுக்குப் போனாலும் பாதி பாரத்தைக் கால்லதான் வச்சிருப்பேன். உடைஞ்சா சிரிப்பாங்களேன்னு. இப்ப..." காலைத் தரையிலிருந்து தூக்கினார். இரண்டு பாதங்களும் காற்றில் தொங்கின. "இப்ப முழுசா உக்காந்திருக்கேன்."

கண்ணில் நீர் தளும்பியது. டம்ளரில் தளும்பவில்லை.

லோடு சார் தொங்கிய அந்தப் பாதங்களையே பார்த்தார். எடை என்பது அவருக்கு இத்தனை நாளும் தகட்டில் எழுதுகிற எண். அதை ஒரு மனிதர் காலம் பூராவும் காலிலேயே தூக்கிக்கொண்டு திரிந்திருப்பார் என்று அவர் யோசித்ததே இல்லை.

அதற்குள் சகலை சாய்ந்துவிட்டார். "ஒரு நிமிஷம்" என்றவர், அந்த நிமிஷத்திலேயே தூங்கிப்போனார்.

சற்று நேரத்தில் மனைவியின் அக்கா வந்தாள், கோபமாக. "எங்கடி உங்க அத்தான்? பிறந்தநாள் கேக்குல 'பிற' வரைக்கும் எழுதிட்டு ஓடிவந்துட்டாரு. வாங்க வந்தவங்க கடையில காத்துக்கிட்டு நிக்கிறாங்க!"

"எழுப்பிப் பாரு அக்கா. எங்களால முடியல."

அக்கா தரையில் நின்று உலுக்கினாள், கைக்கு எட்டவில்லை. முக்காலியில் ஏறி, மெத்தையில் ஒரு காலை வைத்து, "ஏங்க, எந்திரிங்க! ஏங்க..." என்று அவர் தோளைப் பிடித்தாள். இரண்டாவது 'ஏங்க' தாலாட்டு மாதிரி இழுத்தது. மூன்றாவது வரவில்லை. அக்காவும் அவர் தோளிலேயே தலை சாய்த்துவிட்டாள்.

அவளுடைய கைப்பையில் போன் விடாமல் அலறியது. கேக்குக்குக் காத்திருப்பவர்களாக இருக்கும். மூவரில் ஒருவரும் புரளக்கூட இல்லை.

"என்னங்க இது?" என்றாள் மனைவி. அவள் வாங்கிய மெத்தைதான், ஆனாலும் அவளுக்கே பயம் வந்துவிட்டது.

"தெரியல," என்றார் அவர். கோயிலுக்குள் நிற்பவர் மாதிரி, தன்னையறியாமல் வீட்டுச் செருப்பைக் கழற்றியிருந்தார். "எவ்வளவு பேர் ஏறினாலும் இன்னும் இடம் இருக்கு. எவ்வளவு பாரம் வச்சாலும் இன்னும் தாங்குது. இதுக்கு என்ன தகடு எழுதறதுன்னு எனக்குத் தெரியலடி."

"நீங்களும் படுங்க."

"எனக்கெதுக்கு?"

"உங்களுக்காகத்தானே வாங்கினேன்."

அவர் முக்காலியில் ஏறினார். சகலைக்கும் மாமியாருக்கும் நடுவே, டம்ளரைத் தட்டிவிடாமல், மெல்ல முதுகைச் சாய்த்தார். முதுகு வழக்கம்போல முறைத்தது. மெத்தை அதை எதிர்க்கவில்லை. வலிக்கிற இடத்தில் இறங்கிக் கொடுத்தது, தொய்கிற இடத்தில் ஏறித் தாங்கியது. எலும்பு எலும்பாக விசாரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் உட்கார வைத்தது. எத்தனையோ மாத்திரைக்கும் தைலத்துக்கும் மசியாத வலி, விருந்தாளி சொல்லிக்கொண்டு கிளம்புகிற மாதிரி கிளம்பிப் போனது.

அவர் கண்விழித்தபோது ஜன்னலில் மாலை வெயில். மனைவி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் எழுந்தார். கட்டம் கட்டமாக அல்ல, ஒரே மூச்சில், இளவட்டம் மாதிரி. கீழே குனிந்து செருப்பைக் கையால் எடுத்தார். மறுபடி கீழே போட்டு மறுபடி குனிந்து எடுத்தார். அவளைப் பார்த்தார்.

"வாங்கினதுக்குத் தகுமா?" என்றாள் அவள்.

"கையெடுத்துக் கும்பிடலாம்."

"அப்ப சொல்லுங்க. எங்க வீட்டு ஆளுங்க முன்னாடி."

"அவங்கதான் தூங்குறாங்களே!"

"எழுப்புங்க."

கையைத் தட்டினார். "அத்தை! சகலை! எழுந்திருங்க!" என்று கத்தினார். பாத்திரத்தைத் தட்டினார். மூவரும் மூன்று சுருதியில் குறட்டை விட்டார்கள். வேறு வழியில்லாமல், தூங்குகிறவர்களைப் பார்த்தே சன்னமாகச் சொன்னார்: "என் பொண்டாட்டிக்கு வாங்கத் தெரியும்."

மாமியார் படக்கென்று கண்ணைத் திறந்தார். "என்ன சொன்னீங்க மாப்ளே? இன்னொரு தடவை சொல்லுங்க."

"என் பொண்டாட்டிக்கு வாங்கத் தெரியும் அத்தை. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. இனிமே துடைப்பத்தைப் பத்தி என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது."

மனைவி சிரித்தாள். துடைப்பத்தின் பேரைக் கேட்டு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அப்போது வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது.

"ஐயையோ! திரும்ப எடுக்க வந்துட்டான்!" லோடு சார் பாய்ந்துபோய் அறை வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஹாரனில் விழித்த சகலை, நடந்ததைக் கேட்டதும் மெத்தையின் ஓர் ஓரத்து வாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அக்கா மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "நான் இறங்க மாட்டேன்," என்று மாமியார் நடுவில் கால் நீட்டிப் படுத்தார்.

வண்டி டிரைவர், பின்னால் சுமைதூக்கும் ஆட்களோடு உள்ளே வந்து, அந்தக் காட்சியைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"தம்பி, காலையில போன் பண்ணினது நான்தான். புத்தி கெட்டுப் பண்ணிட்டேன்," என்றார் லோடு சார். "இதைக் குடுக்க மாட்டேன். எத்தனையோ பொருளைச் சோதிச்சிருக்கேன். மனுஷ உடம்போட கஷ்டத்தை இப்படி அணு அணுவாத் தெரிஞ்சுக்கிட்டு ஒருத்தர் செஞ்ச பொருளை நான் பார்த்ததே இல்ல. செஞ்சவரை ஒரு தடவை பார்க்கணும். கையைப் பிடிச்சுக்கணும்."

டிரைவர் மெத்தையைப் பார்த்தார். அதன் மேல் இருந்தவர்களைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"அதில்ல சார், இறக்குறப்ப மாறிப்போச்சு. உங்க மெத்தையைக் கால்நடை ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டுட்டோம். அது குதிரைக்குப் பத்தலையாம்."