மின்சாரக் காருக்கு வாழைப்பழச் செலவு

கல்லடி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தையும், அண்ணியின் முழங்காலையும், சூரிச்சின் குளிரையும் ஆண்டவன் ஒரு கட்டுக்குள் வைத்திருப்பாராக. தொலைபேசியில் பேசினால் உங்கள் மச்சான், அதுதான் என் வீட்டுக்காரர், பக்கத்தில் நின்று எனக்கே வசனம் எடுத்துக் கொடுப்பார். ஆகவே கடிதம்.

நீங்கள் எனக்கு விட்டுப்போன பெற்றோல் காரை விற்பதற்கு அவர் உங்களுக்குப் பத்திரம் அனுப்பியிருக்கிறார். கார் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். அது போய்விட்டால் மிஞ்சுவது அவர் வாங்கிவந்த பழைய மின்சாரக் கார் மட்டுமே. நினைத்த நேரத்தில் யாரையும் கேட்காமல் புறப்படுகிற என் சுதந்திரமும் அத்தோடு சரி.

அவருடைய கணக்கில் பிழையில்லை என்பதுதான் கொடுமை. பெற்றோலில் கல்முனைக்குப் போகிற காசில் மின்சாரத்தில் போய், வந்து, மறந்த குடையை எடுக்க இன்னொரு தரமும் போகலாம். ஒயில் மாற்றத் தேவையில்லை, புகையில்லை, சத்தமில்லை. ஆனால் பற்றரி கிழடு. பழுகாமத்தில் இருக்கிற எங்கள் வயலைப் பார்க்கப் போனால் திரும்பி வரச் சார்ஜ் காணாது. அதனால் ஏசி கூடாது, ரேடியோ கூடாது, ஹோர்ன்கூட அளந்துதான். ஒருநாள் நடுறோட்டில் மாடு நிற்க, இவர் கண்ணாடியை இறக்கி, "கொஞ்சம் விலகுங்க" என்று மாட்டிடம் மரியாதையாகக் கேட்டார். பின்னால் வந்த பஸ்காரன் அடித்த ஹோர்னில்தான் மாடு விலகியது. அது இலவச ஹோர்ன் என்று இவருக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

அப்படியும் காணாமல், வழியில் குருக்கள்மடத்தில் ஆச்சிப்பிள்ளை சின்னம்மா வீட்டில் வயரைச் செருகுவோம். வெறுங்கையோடு போகலாமா? ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பெட்டி பிஸ்கட். கரண்டுக்குக் காசு நீட்டினால் சின்னம்மா அழுதுவிடுவார். கார் குடிக்கும்போது சோற்றுக் குக்கரையும் போட்டால் வீடே இருண்டுபோகும் என்பதால், எங்களுக்காக விறகடுப்பு மூட்டி நண்டுக்கறி வைக்கிறார். அதைச் சாப்பிட்டுவிட்டு உடனே எழும்பவும் முடியாது. இதற்குள் பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளை மாமி, தன் வீட்டுக் கரண்டுக்கு என்ன குறை என்று முகத்தைத் தூக்கிவைக்க, இப்போது ஒரு கிழமை அங்கே, ஒரு கிழமை இங்கே. கரண்ட் தந்தவர்கள் கலியாணத்துக்கும் சொல்வார்கள், சாமத்தியச் சடங்குக்கும் சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் சாறியும் மொய்யும். இது எதுவும் அவருடைய கணக்கில் இல்லை. கேட்டால், அது சொந்தக்காரச் செலவாம், கார்ச் செலவு இல்லையாம். சின்னம்மாவோ, "பெற்றோல் கார் வெச்சிருக்கக்குள்ள கேற்றடியால பறப்பீங்க. இப்பதான்கா மனிசர் மாதிரி வாறீங்க" என்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, போன மாதம் அந்தக் கார் பழுகாமத்தில் வேறு இடம் கிடைக்காமல் இவருடைய அக்கா இராசாத்தி மச்சாளின் வாசலில் உயிரை விட்டது. மச்சாள் தன் மகளின் கலியாண அழைப்பிதழில் தம்பியின் பெயரைக் கடைசி வரியில் போட்டதிலிருந்து இவருக்கும் அவருக்கும் பேச்சில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மச்சாள் வெளியே வந்து காரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு என்னிடம், "சுலோ, உன்ட புருசன்ட கார் என்ன திங்கும் எண்டு கேளு" என்றார். பக்கத்திலேயே நின்ற இவர் என்னைப் பார்த்து, "கரண்ட் எண்டு சொல்லு" என்றார். நான் சொன்னேன். அன்று பின்னேரம்வரை இருவருக்கும் நடுவில் நானும் ஒரு வயராகக் கிடந்தேன். அன்றுமுதல் சனிக்கிழமை முழுவதும் அங்கேதான் போகிறது. என் சனிக்கிழமைகளுக்கு ஒரு விலை போட்டால் பெற்றோலே மலிவு.

ஆகவே கையெழுத்து வேண்டாம். உங்கள் வீட்டில் கணகணப்பும் கலகலப்பும் குறையாதிருக்க மாமாங்கேஸ்வரரை வேண்டி,

அன்புத் தங்கை,
சுலோஜனா

பி.கு: இதை ஒட்டாமல் கைப்பையில் வைத்தபடி இன்று, சனிக்கிழமை, பழுகாமம் வந்தேன். மச்சாளின் வாசலில் இவர் காரை ஓரங்கட்டி, சார்ஜ் முடிந்துவிட்டது என்றார். இறங்கும்போது மீற்றரைப் பார்த்தேன். வீடுபோய்ச் சேரத் தாராளமாக இருந்தது. போன மாதமாவது உண்மையில் முடிந்ததா என்று இப்போது யோசிக்கிறேன். மச்சாள் கேற்றைத் திறந்து, முதல் தடவையாக இவரை நேரே பார்த்து, "தம்பி, சாப்பிட வா" என்றார். வயரை எடுத்து நானே செருகினேன். பெற்றோல் கார் இருந்தால் இந்த மனிதருக்கு இங்கே நிற்க ஒரு சாட்டும் இராது. பத்திரத்தில் உடனே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், அண்ணா. மற்ற ஆறு நாளும் மின்சாரக் காரின் சாவி என்னிடம்தான். அதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை.