தக்காளிக்கு ஒரு கண்

"தக்காளிக்கு எதுக்குங்க கண்ணு?" என்று சசிகலா கேட்டதும், ஆண்டோ விரித்த ஃப்ளெக்ஸை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தான்.

மாரண்டஹள்ளியில் ஒன்பது வருடமாக ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். காதுகுத்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி. அவன் அச்சடித்த எதையும் யாரும் நின்று பார்த்ததில்லை. இப்போது தர்மபுரியில் விவசாயம் பற்றி ஓர் ஓவியக் கண்காட்சி. சின்னம், சுவரொட்டி, வாசல் பேனர் எல்லாம் அவன் பொறுப்பு. நாலு பேராவது நின்று பார்க்கிற மாதிரி ஒன்று செய்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

மாதிரிக்கு அச்சடித்துக் காட்டினான். வெள்ளைப் பின்னணியில் ஆளுயரத் தக்காளி, அதன் நடுவில் ஒரு கண். கீழே கண்காட்சியின் இடமும் தேதியும்.

"தக்காளியத் தின்கிறோம், வெளைய வெக்கறவங்களப் பாக்கறதில்ல. அதான் அது நம்மளப் பாக்குது மேடம்."

கண்காட்சியை நடத்தும் சசிகலா பள்ளியில் ஓவிய ஆசிரியை. நல்லவர்தான்.

"எனக்குப் புரியுது ஆண்டோ. ஆனா பாத்தா பயமா இருக்கே. கண்ண எடுத்துட்டு ஒரு ஏர் வெச்சிடுங்களேன்."

வைத்தான். ஏர் இருந்தால் மாடு வேண்டாமா என்றார் ஓர் ஓவியர். மாடு வந்தது.

"இப்ப எவனுங்க மாட்டுல ஓட்டறான்? டிராக்டர் போடுங்க" என்றார் இன்னொருவர்.

டிராக்டரும் வந்தது. பிறகு கேழ்வரகு, மாம்பழம், புளி, உதயசூரியன், இரண்டு மயில். மயிலை யார் கேட்டார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. தக்காளி ஒரு மூலையில் கோலிக்குண்டு அளவுக்கு ஒடுங்கிவிட்டது.

கடைக்கு வந்த காளியப்பன், சுருட்டிக் கிடந்த முதல் மாதிரியை விரித்துப் பார்த்தார். பாலக்கோடு ரோட்டோரம் தக்காளி போட்டிருப்பவர்.

"இது வேஸ்ட்டுங்களா தம்பி? நான் எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்கங்கண்ணா." பழைய ஃப்ளெக்ஸ் கேட்பவர்கள் எல்லாம் கூடைகளை மூடத்தான் கேட்பார்கள். ஆண்டோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முதல் நாள் கண்காட்சிக்கு மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் பேனரைப் பார்த்துவிட்டு யூரியா இருக்கா என்று விசாரித்தார்கள். மூன்றாமவருக்கு டிராக்டர் வாடகைக்கு வேண்டுமாம். சசிகலா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஆண்டோவுக்கு.

மறுநாள் வாசலில் கூட்டம்.

"பாலக்கோடு ரோட்டுல கண்ணு வெச்ச தக்காளி பாத்தமே, அந்தக் கண்காட்சி இதுதானுங்களா?" என்றாள் ஒரு கல்லூரிப் பெண். பின்னால் வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள்.

சாயங்காலம் ஆண்டோவும் சசிகலாவும் பாலக்கோடு ரோட்டுக்கு ஓடினார்கள். காளியப்பன் தோட்டத்தில், பழுத்துக் குலுங்கிய செடிகளுக்கு நடுவே, நாலு கம்பில் அந்தத் தக்காளி நின்றது. போகிற பஸ்ஸில் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. ஆண்டோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"கண்ண எடுக்கச் சொன்னது என் தப்புதான் ஆண்டோ" என்ற சசிகலா, காளியப்பனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஜனங்க பார்வைய விவசாயத்துப் பக்கம் திருப்பிட்டீங்களே, ஐயா!"

காளியப்பன் கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"திருஷ்டிக்குத்தாங்க வெச்சேன். பூசணிக்காய விட நல்லா வேல செய்யுது. போறவன் வர்றவன் அத்தன பேரும் உங்க படத்தையேதான் பாக்கறான், என் தக்காளிய ஒருத்தன் ஏறெடுத்துப் பாக்கறதில்லீங்க!"